மெம்பர் சம்சாரமும் சட்டசபை முதல் நாளும்

சட்டசபை மெம்பருக்குப் பெண்டாட்டியாக இருப்பதும் ஒரு உத்தியோகம்தான். அதற்கு மனுப்போட வேண்டாம், பரீட்சை எழுத வேண்டாம், ஓட்டு எண்ணி முடிந்ததும் வீட்டு வாசலில் ஆள் வந்து நின்றுவிடும். உங்களில் யாருடைய வீட்டுக்காரராவது பஞ்சாயத்து போர்டிலோ, கோயில் கமிட்டியிலோ, ஏதாவது ஒரு சங்கத்திலோ தலையை நீட்டியிருந்தால் நான் படுகிற பாடு உங்களுக்குப் புரியும். அடுப்பில் பால் பொங்கும் நேரம் பார்த்துத்தான் தாலுகா முழுவதற்கும் நியாயம் தேவைப்படும்.

எங்கள் வீட்டுக்காரர் தென்காசியில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். கள்ளுக்கடை மறியலில் சேர்ந்து ஜெயிலுக்குப் போனார், வேலையும் போயிற்று. மாகாணங்களுக்குச் சுயாட்சி என்று சொல்லித் தேர்தல் வந்தபோது கட்சி அவரை நிறுத்தியது. ஜனங்கள் ஜெயிக்க வைத்தார்கள். புது மந்திரிகள் பதவிக்கு வந்து, சபை முதன்முதலாகக் கூடுகிறது என்று மெட்ராஸிலிருந்து தந்தி வந்ததும் அவர் என்னைப் பார்த்து, "ஜெயிலுக்குத் தனியாப் போனேன். இதுக்கு நீயும் வா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே மற்ற எல்லாக் கஷ்டத்தையும் நான் மன்னித்துவிட்டேன்.

ஆடிச் சட்டம்

புறப்படுகிற அன்று காலையிலேயே ஆலங்குளத்திலிருந்து ஒரு அம்மாள் மடி நிறையக் கத்தரிக்காயோடு வந்து இறங்கினாள். அவர் குளித்துக்கொண்டிருந்தார். "உன்கிட்டயே சொல்லுதேன், நீ பொம்பளை, உனக்குப் புரியும்" என்று கூடத்தில் உட்கார்ந்துவிட்டாள். மகளைப் போன தையில்தான் கட்டிக் கொடுத்தாளாம். ஆடி பிறக்கப் போகிறது. தாய்வீட்டுக்கு அனுப்ப மாட்டேன் என்கிறானாம் மாப்பிள்ளை. புது சர்க்கார் முதல் வேலையாக இதற்கு ஒரு சட்டம் போட வேண்டும்.

சட்டசபை அந்த மாதிரி விஷயங்களில் தலையிடாது என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். காப்பி கொடுத்தேன். குடித்துவிட்டு, கத்தரிக்காயை முறத்தில் கொட்டி, வாசல்படி இறங்கியவள் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "சட்டம் போடுததுக்கு முன்னால எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கச் சொல்லு, தாயி. எம் மருமவ அவ ஆத்தா வீட்டுக்குப் போறதுக்கும் சேத்துப் போட்டுறப் போறாவ!"

தனித் தொகுதி

ஸ்டேஷனில் ஒரே கூட்டம். திருநெல்வேலிக்குப் போய் அங்கே மெட்ராஸ் வண்டிக்கு மாற வேண்டும். மாலை போட்டவர்களும் பலாப்பழம் கொடுத்தவர்களுமாக எங்கள் பெட்டியில் எங்களுக்கு இடம் இல்லாமல் செய்துவிட்டார்கள். அப்போது எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் தறி வைத்திருக்கும் மைதீன் பாய், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கையில் வாழையிலையில் சுற்றிய ஒரு பொட்டலம். பிரித்தால் கதர் நூலில் அவரே நெய்த மேல்துண்டு. அவ்வளவு சீரான நெசவை நான் கதரில் அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்தத் தேர்தலில் முஸ்லிம்களுக்குத் தனித் தொகுதி, தனி வேட்பாளர். பாய் நினைத்தாலும் எங்கள் வீட்டுக்காரருக்கு ஓட்டுப் போட்டிருக்க முடியாது. இவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "பாய், நான் உங்க மெம்பர் இல்லையே, எனக்கு எதுக்கு இம்புட்டுச் சிரமம்?" என்றார். பாய் துண்டின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார். "ஓட்டுக்குத்தான் வாத்தியாரய்யா தனித் தொகுதி வச்சிருக்கான். துணிக்கு இன்னும் வைக்கலைல்லா?"

தூக்க வந்த கை

வண்டி புறப்படச் சற்று நேரம் இருந்தது. திடீரென்று பேச்சுச் சத்தம் அடங்கிவிட்டது. எட்டிப் பார்த்தேன். ஏட்டையா வந்துகொண்டிருந்தார். மறியலன்று எங்கள் வீட்டுக்காரரின் வலது தோளில் தடியை இறக்கிய அதே ஏட்டையா. அந்த அடியால், ஜெயிலிலிருந்து வந்த பிறகும் மாசக்கணக்கில் இவருக்குச் சட்டை மாட்டிவிட்டவள் நான். தலைசீவி விட்டவளும் நான். ஏட்டையாவுக்கு நான் கொடுத்த சாபத்துக்கு அளவில்லை. ஜெயித்ததும் ஊரில் சிலர், "மந்திரி காதுல ஒரு வார்த்தை போடுங்க. எங்கயாவது காட்டுப் பக்கம் மாத்திருவாவ" என்று இவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது ஏட்டையா காதுக்கும் போயிருக்கும்.

தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஜன்னலருகே நின்றார். என்னைப் பார்க்கவே இல்லை. "வாத்தியாரய்யா, சபையில எல்லாத்துக்கும் கையைத் தூக்கணும்னு சொல்லுதாவ. உங்களுக்கு... தூக்க வருதா?" என்றார். கிண்டல் பண்ணுகிறாரோ என்று எனக்குச் சுரீர் என்றது. அந்த முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. அந்த மனிதர் அந்தக் கேள்வியை எத்தனை நாள் சுமந்திருந்தாரோ.

இவர் வலது கையை மெல்ல உயர்த்தினார். காது மட்டத்துக்கு வந்தது. அதற்கு மேல் வரவில்லை. கையை அங்கேயே நிறுத்தி, சிரித்துக்கொண்டு சொன்னார்: "இம்புட்டுத்தான் வருது, ஏட்டையா. போதும். எண்ணுதவன் கண்ணுக்குத் தெரியும்லா?"

ஒதுங்கி உட்காரணும்

தென்காசியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பாவூர்சத்திரம் ஸ்டேஷன். எங்கள் வீட்டுக்காரரோடு ஒரே அறையில் ஜெயிலில் இருந்த சுடலைமுத்து அந்த ஊர்க்காரர். இரண்டு பேரும் ஒரே தட்டில் கேழ்வரகுக் கூழ் குடித்தவர்கள். பேச்சென்றால் சுடலைமுத்துதான், சந்தைக் கூட்டத்தில் எழுந்து நின்றால் மாடுகூடத் திரும்பிப் பார்க்கும். விடுதலையாகி வந்தபோது மஞ்சள் காமாலையோடு வந்தார். பிழைக்கவில்லை. அவர் இருந்திருந்தால் கட்சி அவரைத்தான் நிறுத்தியிருக்கும். இவரும் அதைத்தான் சொல்லிக்கொண்டே இருப்பார்.

பாவூர்சத்திரத்தில் சுடலைமுத்துவின் சம்சாரம் வேலம்மாள் பிளாட்பாரத்தில் நின்றிருந்தாள். சந்தையிலிருந்து நேரே வந்திருக்கிறாள். தலையிலிருந்த சும்மாட்டைக்கூட எடுக்கவில்லை. அழுவாள் என்று நினைத்து நான் முந்தானையைத் தயாராகப் பிடித்திருந்தேன். அவள் அழவில்லை. எனக்கு ஒரு முழம் பூவை ஜன்னல் வழியாகக் கொடுத்து, "வச்சுக்கோங்க மதினி, மெட்ராஸ்ல என்ன பூ கிடைக்கப் போவுது" என்றாள். வண்டி அசைந்தது. அவள் கூடவே நடந்தபடி சொன்னாள்: "அண்ணாச்சி, சபையில உக்காரும்போது கொஞ்சம் ஒதுங்கி உக்காருங்க. அவுகளும் இருப்பாக."

மந்திரமும் இங்கிலீஷும்

மெட்ராஸ் வண்டியில் இவருக்குத் தூக்கமே இல்லை. சபையில் எடுக்க வேண்டிய பிரமாணத்தை ஒரு தாளில் அச்சடித்து அனுப்பியிருந்தார்கள். ராஜாவுக்கு விசுவாசமாக இருப்பேன் என்று அதில் வருகிறது. எந்த ராஜாவின் ஜெயிலில் கூழ் குடித்தாரோ அதே ராஜா. எடுக்கலாம் என்று கட்சி சொல்லிவிட்டது. இவருடைய மனசு சொல்லவில்லை. வாசிப்பார், அந்த இடம் வந்ததும் நிறுத்துவார், ஜன்னலைப் பார்ப்பார்.

கடைசியில் நான் சொன்னேன். "நம்ம கல்யாணத்துல ஐயர் சொன்ன மந்திரத்தையெல்லாம் திருப்பிச் சொன்னீங்க. அர்த்தம் தெரிஞ்சா சொன்னீங்க? என்னை நல்லபடியாத்தான வச்சிருக்கீங்க? வாய் சொல்லுததை விடுங்க. போற காரியம் என்ன, யாருக்காகப் போறீங்க, அதை நெனைச்சுக்கிட்டுச் சொல்லுங்க." அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "அது சமஸ்கிருதம், தப்பிச்சேன். இங்கிலீஷை வாத்தியார் வேலைக்காகப் படிச்சுத் தொலைச்சுட்டேனே!"

மீ வாரு

சபை கூடியது கடற்கரையைப் பார்த்த ஒரு பெரிய கட்டிடத்தில். பெண்களுக்கு மாடியில் தனி இடம். நான் ஏதோ பெரிய போர்க்களம் பார்க்கப்போகிற மாதிரி போய் உட்கார்ந்தேன். நடந்தது என்ன? ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட்டார்கள். ஒவ்வொருவராகப் போய் அதே வாக்கியத்தைச் சொல்லி, கையெழுத்துப் போட்டு, திரும்பி வந்தார்கள். மலபார்க்காரர், கோதாவரிக்காரர், ஜமீன்தார், தொழிலாளி, யாராக இருந்தாலும் அதே வாக்கியம்தான். ஒரு பெண் மெம்பர் பெயரைக் கூப்பிட்டபோது மட்டும் மாடியில் இருந்த நாங்கள் எல்லாரும் எங்களை அறியாமல் எழுந்துவிட்டோம். சேவகர் ஓடி வந்து உட்காரச் சொன்னார். உட்கார்ந்தோம், அடுத்த பெண் மெம்பருக்கு மறுபடி எழுந்தோம்.

என் பக்கத்தில் ஒரு தெலுங்கு அம்மாள். அவளுக்குத் தமிழ் வராது, எனக்குத் தெலுங்கு வராது. இவர் எழுந்து நடந்ததும் நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்தேன் போலிருக்கிறது. அவள் என்னைப் பார்த்து, "மீ வாரா?" என்றாள். உங்கள் வீட்டுக்காரரா என்று தெலுங்கில் கேட்டிருக்கிறாள், நான் இவர் வருவாரா என்று கேட்கிறாள் என நினைத்து, "வாராவ வாராவ, அந்தா போறாவ" என்றேன். அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கீழே இவர் தாளைப் பார்க்கவே இல்லை. நிறுத்தவும் இல்லை. ஒரே மூச்சில், பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லுகிற குரலில் சொல்லி முடித்தார். எனக்குக் கண் மறைத்தது. அந்த அம்மாள் என் கையைத் தட்டிக்கொடுத்து, கீழே மூன்றாம் வரிசையில் தூங்கி வழிந்துகொண்டிருந்த ஒரு பெரிய மீசைக்காரரைக் காட்டினாள். பெருமையும் சலிப்பும் கலந்த குரலில் சொன்னாள்: "அதிகோ, மா வாரு!"

ஓர இடம்

பிறகு சபைக்குத் தலைவரைத் தேர்ந்தெடுத்து, எல்லாரும் கைதட்டி, அவரை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அன்றைய வேலை அவ்வளவுதான். கலைந்ததும் வராந்தாவில் இவருக்காக நின்றேன். கோயம்புத்தூர்ப் பக்கத்து மெம்பர் ஒருவர் என்னை நோக்கி வந்து கும்பிட்டார். சபையில் இவருக்குப் பக்கத்து இடத்துக்காரர். நல்ல வெள்ளை மனசு, முகத்திலேயே தெரிந்தது.

மாடியிலிருந்து நானும் கவனித்திருந்தேன். பெஞ்சில் தாராளமாக இடம் கிடக்க, இவர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் ஒரு ஆள் இடம் காலியாகவே இருந்தது. ஒருவர் உட்கார வந்தபோது இவர் அந்த இடத்தில் கையை வைத்து ஏதோ சொன்னதையும், அவர் வேறு பக்கம் போனதையும் பார்த்தேன். அதைப் பற்றி அந்தக் கோயம்புத்தூர்க்காரர்தான் சொன்னார்: "ஏனுங்க அம்மணி, உங்க ஊட்டுக்காரரு அந்த எடத்துக்கு ஒருத்தரு வருவாருன்னு சொல்லீட்டே இருந்தாருங்க. சபை கலையற வரைக்கும் யாரும் வரலீங்களே, அவருக்கு ஒடம்பு ஏதும் சரியில்லீங்களா?"

அருவிச் சத்தம்

ஊர் திரும்பியபோது குற்றாலத்தில் நல்ல சாரல். முதல் நாள் என்ன சட்டம் போட்டீர்கள் என்று ஜட்கா வண்டிக்காரரிலிருந்து எல்லாரும் கேட்டுத் துளைத்ததில், இவர் "அருவியில போய் நின்னாத்தான் மண்டை சரியாவும்" என்று என்னையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். ஆண்கள் பக்கம் அவர், பெண்கள் பக்கம் நான். அந்தத் தண்ணீர் தலையில் விழுந்தபோது, போன வழியில் யார் யார் எங்களுக்கு என்னென்ன கொடுத்தார்கள் என்று நினைத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு கும்பிடு போட்டேன். தண்ணீருக்கு அடியில் நின்று கும்பிட்டால் யாருக்கும் தெரியாது. அது ஒரு சௌகரியம்.

இவரும் சிரித்த முகமாகத்தான் வந்தார். அருவிக்கு அடியில் யாரோ பக்கத்தில் நின்று ஏதோ கத்திக்கொண்டே இருந்தாராம். சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லையாம். மரியாதைக்கு எல்லாவற்றுக்கும் தலையாட்டினாராம். மறுநாள் விடிந்ததும் வாசலில் புளியங்குடி எலுமிச்சை வியாபாரி ஒருவர், ஒரு கூடைப் பழத்தோடு நின்றார். "தாயி, எலுமிச்சைக்குன்னு தனியா ஒரு ரயில் பெட்டி கேட்டேன், நேத்து அருவியில வாத்தியாரய்யா சரின்னு தலையாட்டிட்டாவ. அதான், பெட்டி எந்த ஸ்டேஷனுக்கு வருதுன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

அந்த முதல் நாள் நடவடிக்கை சர்க்கார் குறிப்பில் நாலு வரிக்கு மேல் இருக்காதாம். எனக்கோ இத்தனை வருஷமாகச் சொல்லியும் அது முடியக் காணோம்.