மலையைப் பார்த்த ஐந்து பெட்டிகள்

பத்தாவது வரை படித்தவள் நான். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசத் தெரியாதவள். அப்படிப்பட்டவள் எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லியிருக்க வேண்டியதை அன்றைக்குச் சொல்லாமல் விட்டதால்தான் இப்போது எழுதுகிறேன்.

இரண்டாயிரத்து நான்கு என்று நினைவு. என் மகள் மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்குப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. போவதற்கு முன் அவளுடைய கம்ப்யூட்டரில் எதை அழுத்தினால் பேசலாம் என்று எனக்கு மட்டும் சொல்லிக் கொடுத்திருந்தாள். போனில் என்றால் இரண்டு நிமிடத்தில் வைத்துவிடுவாள். கம்ப்யூட்டரில் நிதானமாகப் பேசலாம். ஆனால் அதோடு வந்த இரண்டு சின்ன ஸ்பீக்கர்களில் ஒன்றைக் குரங்கு ஜன்னல் வழியாக ஒயரோடு பிடுங்கிக்கொண்டு போய், எதிர்வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து உடைத்தது. மிச்சமிருந்ததில் கரகரப்பைத் தவிர எதுவும் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில் அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரில் வா, உன்னிடம் மட்டும் ஒன்று சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாள். 'மட்டும்' என்ற சொல்லுக்கு அடியில் கோடு. கடிதத்தை அரிசி டப்பாவுக்குள் வைத்துவிட்டு, கணவரிடம் ஸ்பீக்கர் வாங்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அவர் வழக்கம் போல் அவருடைய அண்ணனிடம் சொன்னார்.

என் மச்சாண்டாருக்குத் தெரியாத விஷயம் கிடையாது. மோட்டார் ரிப்பேர், ஜாதகம், மூட்டு வலி எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் உண்டு. அந்தப் பதிலால் எதுவும் சரியாகி நான் பார்த்ததில்லை. மூன்று பேருமாகத் தேரடிப் பக்கம் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் எங்களை நடுவில் நிற்கவைத்து, சுற்றிலும் ஐந்து ஸ்பீக்கர் பெட்டிகளை வைத்து, ஒரு ஹெலிகாப்டர் சத்தத்தை ஓடவிட்டார். அது பின்னாலிருந்து தலைக்கு மேலே போனது. மச்சாண்டார் நிஜமாகவே திரும்பி மேலே பார்த்தார். அந்த இடத்திலேயே வியாபாரம் முடிந்துவிட்டது.

அட்டைப் பெட்டி மேல் நாலாயிரத்துச் சொச்சம் வாட்ஸ் என்று அச்சடித்திருந்தது. எங்கள் வீட்டில் மிக்ஸி ஓடும்போது அயர்ன் பாக்ஸ் போட்டாலே ஃப்யூஸ் போய்விடும். இதை எண்ணி எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு ஆண்களும் அந்த எண்ணை ஏதோ மந்திரம் போல மாற்றி மாற்றிப் படித்தார்கள்.

கல்லாவுக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு ஹெட்போன் தொங்கியது. வாய்க்கு நேராக மைக் வைத்தது. என் மகள் சொல்வது என் காதோடு நிற்பதற்கு அது போதும். எனக்கு அது தெரிந்தது. கையை நீட்டித் தொட்டேன். கேட்கத்தான் வாய் வரவில்லை.

"அது பிரௌசிங் சென்டர்காரங்க வாங்கறதுங்க," என்றார் கடைக்காரர்.

மச்சாண்டார் சிரித்தார். "காதுல மாட்டிக்கினு தனியா பேசறதுக்கு நமக்குள்ள இன்னாம்மா ரகசியம்?"

நான் கையை எடுத்துவிட்டேன். இத்தனை வருடம் கழித்தும் அவரை விட அந்தக் கையின் மேல்தான் எனக்கு எரிச்சல்.

பெட்டிகளை வீட்டில் மாட்டியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எங்கள் வீடு செங்கம் சாலைக்குப் பின்னால். ஊரே சாமியாகக் கும்பிடுகிற மலை எங்களுக்கு வடக்கே. பெட்டியோடு வந்த தாளில் ஆளைச் சுற்றி எங்கெங்கே வைக்க வேண்டும் என்று படம் போட்டிருந்தது. மச்சாண்டார் அந்தப் படத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வடக்குச் சுவரில் மாட்டினால் பெட்டியின் முதுகு மலையைப் பார்க்கும், அது ஆகாது என்றார். கிழக்குச் சுவரில் சாமி அலமாரி. மேற்கில் வாசலும் குரங்கு வந்த ஜன்னலும். ஆகவே ஐந்தும் தெற்குச் சுவரில் ஷோகேஸ் மேல் வரிசையாக ஏறி, மலையைப் பார்த்தபடி தரிசனத்துக்கு நிற்பவர்கள் போல நின்றன. தூசி படக் கூடாது என்று பிளாஸ்டிக் உறையையும் கழற்றவில்லை. அவற்றோடு வந்த, தரையில் வைக்கிற பெரிய பெட்டி கரண்ட் சம்பந்தப்பட்டது என்பதால் அக்னி மூலைக்குப் போனது. அங்கே சமையலறை வாசல். அன்று மாலைக்குள் இரண்டு தடவை அதில் இடித்துக்கொண்டேன்.

கம்ப்யூட்டர் மட்டும் வடக்குச் சுவரோரம் பழைய இடத்திலேயே இருந்தது. சுற்றிலும் கேட்கும் என்று வாங்கிய சத்தம் முழுதும் என் முதுகில் வந்து விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை மச்சாண்டார் தம் மனைவியோடு வந்துவிட்டார். எதிர்வீட்டுக்காரர்களையும் அழைத்திருந்தார், நாலாயிரம் வாட்ஸைக் கேட்டுவிட்டுப் போகட்டும் என்று. எல்லோரும் பாய் போட்டு உட்கார்ந்தார்கள். என் ஓரகத்தி முறுக்குத் தட்டை நடுவில் வைத்தாள். நான் அழுத்த வேண்டியதை அழுத்தினேன்.

"அம்மா, பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

ஐந்து பெட்டியும் சேர்ந்து கேட்டன. கூடம் முழுதும் சிரித்தது.

"எல்லாரும்தாம்மா இருக்கோம். சொல்லு," என்று மச்சாண்டார் கம்ப்யூட்டர் பக்கத்தில் இருந்த மைக்கிடம் வந்து கத்தினார்.

பெட்டிகளில் வந்த அவள் சத்தமே மைக் வழியாகத் திரும்பிப் போய் அவள் காதில் விழுந்திருக்க வேண்டும், தன் குரலே தனக்குக் கேட்கிறது என்றாள். பிறகு, "ஒண்ணுமில்ல பெரியப்பா. இங்க வெயில் ஜாஸ்தி. சும்மாதான் கூப்ட சொன்னேன்," என்றாள். அந்த 'சும்மா' எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் கீழே விழுந்து முழங்காலைப் பாவாடையால் மூடிக்கொண்டு அவள் சொல்கிற 'சும்மா' அது.

மச்சாண்டார் திரும்பி, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரியே இருக்கிறது என்று எதிர்வீட்டுக்காரரிடம் சொன்னார். அவரும் தலையாட்டினார். பெண் என்ன சொல்ல வந்தாள் என்று அந்தக் கூடத்தில் ஒருவரும் கேட்கவில்லை. என் கணவர் உறையைக் கழற்றினால் இன்னும் தெளிவாக இருக்குமோ என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் திங்கட்கிழமை காலை ஷேர் ஆட்டோவில் தனியாகத் தேரடிக்குப் போய், ஆணியில் தொங்கிய ஹெட்போனைக் காட்டி, அதைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி வந்தேன். ஸ்பீக்கரின் பச்சை முனையைப் பிடுங்கிவிட்டு அதைச் செருகினேன். அங்கே மூன்று மணிக்கு டூட்டி முடிந்து வந்தவள், நான் கம்ப்யூட்டரில் இருப்பதைப் பார்த்துப் பேசினாள். அங்கே இருக்க முடியவில்லை, வேலையை விட்டுவிட்டு வந்துவிடட்டுமா என்று கேட்டாள். வா என்றேன்.