வென் அ கொமேர்

இலங்கையில் ஓப்பநாயக்கப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் நான் சமையல் அப்பு. சம்சாரம் இறந்த பிறகு எனக்குப் பேச்சே குறைந்து போயிருந்தது. சண்டை ஓய்ந்திருந்த ஒரு வருஷம், துருக்கியிலிருந்து வயதான அம்மா ஒருவர் தனியாக வந்து தங்கினார். பங்களா நாயிடம் ஏதோ பாஷையில் பேசிக்கொண்டே இருப்பார்.

"என்ன பாஷை தம்பி அது?" என்று அவரைக் கூட்டிவந்த டிரைவரைக் கேட்டேன். அவர் இங்கிலீஷில் விசாரித்துச் சொன்னார்.

"பழைய ஸ்பானிஷாம் அப்பு. ஐநூறு வருஷத்துக்கு முந்தி யூத சனத்த ஸ்பெயின்லருந்து வெரட்டுனப்ப, இவங்காளுங்க கொண்டுபோன பேச்சாம். இப்ப ஸ்பெயின்லயே அப்படிப் பேசுறதில்லயாம். இவங்களோட பேச தங்கச்சி ஒருத்திதான் இருந்தாங்களாம், அவங்களும் போய்ட்டாங்களாம்."

"சாப்பிட வாங்கன்னு அதுல எப்படிக் கூப்பிடுறதுன்னு கேளுங்க."

"ஏன் அப்பு, மணி அடிச்சாப் பத்தாதா?" என்று சிரித்தாலும், கேட்டுச் சொன்னார்.

சாப்பாட்டுக்கு மணி அடிப்பதுதான் பங்களா வழக்கம். அன்று மதியம் மணியைத் தொடாமல், வாசலில் நின்று "வென் அ கொமேர்" என்றேன்.

அந்த அம்மா எழுந்திருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, இன்னொரு தரம் என்று விரலைக் காட்டினார். சோறு ஆறும்வரை கூப்பிட்டேன்.

இப்போது தோட்டத்து லயத்து வீட்டில் எனக்கு நானே சோறு போட்டு, அந்தப் பேச்சிலேயே என்னைக் கூப்பிட்டுக்கொள்கிறேன். தமிழில் கூப்பிட்டால் சம்சாரத்தின் குரல் கேட்கிறது. அப்புறம் சோறு இறங்குவதில்லை.