ஒற்றைச் செருப்போடு மாப்பிள்ளை விசாரித்த கதை

மூன்று வருடங்களுக்கு முன், மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காவாந்தண்டலம் பக்கத்திலுள்ள ஒரு கிராமத்தில் டவுன் பஸ்ஸைவிட்டு இறங்கினேன். அக்கா மகளுக்கு வந்திருந்த வரனை விசாரிக்கத்தான். செவ்வாய்க்கிழமை வேண்டாம் என்று அக்கா தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். அதற்காகவே செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். நான் பகுத்தறிவுவாதி.

எங்கள் உத்திரமேரூர்ப் பக்கத்தில், பெண் கொடுப்பதற்கு முன் குடும்பத்தில் ஒருவர் சத்தமில்லாமல் மாப்பிள்ளையின் ஊருக்குப் போய் வருவது வழக்கம். டீக்கடையில் உட்கார்ந்து, "அந்தப் பையன் எப்படி?" என்று கேட்கவேண்டும். அத்தான் காலமாகிவிட்டதால் அந்தப் பொறுப்பு தாய்மாமனான என் தலையில் விழுந்தது. வீட்டில் இரண்டு அலமாரி புத்தகம் வைத்திருப்பவனுக்கு மனிதர்களையும் படிக்கத் தெரியும் என்று எங்கள் குடும்பம் நம்பியது. அந்த நம்பிக்கையை மட்டும் நான் மூடநம்பிக்கை என்று சொன்னதில்லை.

அக்கா மகளுக்கு முப்பது முடிந்திருந்தது. ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை. ஏற்கெனவே இரண்டு வரன்கள் ஜாதகத்தில் தட்டிப் போய்விட்டன. மூன்றாவதாக வந்த இந்தப் பையனோடு அவளே நாலைந்து முறை போனில் பேசியிருந்தாள். கம்பெனி வேலையை விட்டுவிட்டு அப்பாவின் நிலத்தில் கத்திரிக்காய் போடுகிறானாம். நான் கிளம்பும்போது வாசல்வரை வந்தாள்.

"மாமா, எனக்குப் புடிச்சிருக்கு. நீ பாத்துட்டு வந்து உள்ளத உள்ளபடி சொல்லு. நீ சொன்னாத்தான் அம்மா கேக்கும்."

தோளில் ஜோல்னாப் பை, பைக்குள் ஒரு நோட்டு. 'நமது வட்டாரத்து மூடநம்பிக்கைகள்' என்று ஒரு நீண்ட கட்டுரை எழுதுவதற்காகப் பதினோரு வருடங்களாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். நாற்பது பக்கம் நிரம்பியிருந்தது. கட்டுரையின் தலைப்பு தயார்.

டீக்கடைக்காரர் நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தார். பையனைப் பற்றிக் கேட்டதும் குரலைத் தாழ்த்தினார்.

"நல்ல பையன்தான் சார். ஆனா மதம் மாறிட்டான் போல கீது. நெலம் பூரா சிலுவ நட்டு வெச்சிக்கிறான்."

அடுத்து உரக்கடை. கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவனா? மகா கஞ்சன் சார். ஒரு வருசமாச்சி, நம்ம கடையில ஒரு டப்பா மருந்து வாங்கினதில்ல. பூச்சிக்கு மருந்து வாங்காதவன் பொண்டாட்டிக்குப் பொடவ வாங்கித் தருவானா?"

எனக்கு உள்ளூர ஒரே சிரிப்பு. பக்திமானுக்கு மதம் தெரிகிறது, வியாபாரிக்கு வியாபாரம் தெரிகிறது. உரக்கடை வாசலிலேயே நின்று நோட்டை எடுத்து எழுதினேன்: 'மனிதர்கள் தாங்கள் நம்புவதைத்தான் பார்க்கிறார்கள்.' எழுதிவிட்டு அதை இரண்டு முறை படித்தேன். நன்றாக இருந்தது. நேரில் போய்ப் பார்த்து உண்மையைக் கண்டறியும் ஒரே மனிதன் நான்தான் என்ற எண்ணத்தோடு நிலத்தைப் பார்க்க நடந்தேன்.

நிலத்தின் ஓரத்தில் வேலிகாத்தான் புதர் ஒன்று ஆள் உயரத்துக்கு இருந்தது. அதன் பின்னால் நின்றுகொண்டேன். விசாரிக்க வந்தவன் தன்னைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்பது முறை.

கத்திரிச் செடிகளுக்கு நடுவே ஒரு பெண் களை எடுத்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். கூலிக்கு வந்தவள் என்று பார்த்ததும் தெரிந்தது. அவளைக் கேட்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். ஆனால் நான் சமுதாயத்தைப் படித்தவன் ஆயிற்றே. கூலி கொடுப்பவனைப் பற்றிக் கூலிக்காரி எப்படி வாய் திறப்பாள்? பாவம், பயப்படுவாள். அவளைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று பெருந்தன்மையோடு விட்டுவிட்டேன்.

அப்போதுதான் மாப்பிள்ளையைப் பார்த்தேன்.

நிலத்தின் நான்கு மூலையிலும் குச்சி நட்டு, மஞ்சள் நிறத் தகடுகள் கட்டியிருந்தான். தகடுகள் எண்ணெயில் பளபளத்தன. ஒவ்வொரு தகட்டின் முன்னாலும் போய் நின்று, தலையைக் குனிந்து, உதடு அசைய ஏதோ முணுமுணுத்தான். பிறகு பேனாவை எடுத்து உள்ளங்கையில் எதையோ வரைந்துகொண்டான். எனக்கு அருகிலிருந்த தகட்டின் முன்னால் வந்தபோது முணுமுணுப்பின் கடைசி வார்த்தை காதில் விழுந்தது. "இருபத்தேழு."

இருபத்தேழு நட்சத்திரங்கள்! எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இதோடு நின்றிருந்தாலும் மன்னித்திருப்பேன். அடுத்து எருக்குழிக்குப் போய் மண்ணைத் தோண்டி ஒரு பானையை வெளியே எடுத்தான். வாயில் சிவப்புத் துணி கட்டிய பானை. துணியை அவிழ்த்ததும் அழுகிய மாமிச வாடை நான் நின்ற இடம்வரை வந்தது. அவன் மூக்கைப் பொத்தவில்லை. பானைக்குள் முகத்தை வைத்து ஆழமாக முகர்ந்து, கண்ணை மூடித் திருப்தியாகத் தலையாட்டினான். பிறகு மறுபடியும் துணியைக் கட்டிப் புதைத்துவிட்டான்.

நான் அவசர அவசரமாக எழுதினேன். 'மந்திரத் தகடு. நான்கு திசைக் கட்டு. நட்சத்திர உச்சாடனம். கையில் யந்திரம். புதைத்த பானையில் மாமிசம். சந்தேகமே இல்லை, செய்வினைக்காரன்.' பதினோரு வருடத்தில் இப்படி ஒரு சரக்கு கிடைத்ததில்லை. அக்கா மகளுக்காக வருத்தப்படவேண்டிய நேரத்தில், கட்டுரைக்காக மகிழ்ந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எழுதும் ஆர்வத்தில் ஒரு கிளையை மிதித்துவிட்டேன் போலிருக்கிறது. களை எடுத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள்.

"யாருடா அது பொதருக்குப் பின்னால? தம்பி! மோட்டார் ஒயர் திருடன் வந்துக்கிறான்! புடி, புடி!"

போன மாதம்தான் அந்தப் பக்கத்தில் பம்ப்செட் ஒயரை எவனோ அறுத்துக்கொண்டு போயிருக்கிறான். அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் நின்று விளக்கம் சொல்லியிருக்கமாட்டேன். அந்தப் பெண் கையில் களைக்கொத்தோடு வரப்பில் பாய்ந்து வந்தாள். நான் ஓடினேன். ஐம்பத்திரண்டு வயதில் அப்படி ஓட முடியும் என்பது எனக்கே புதிய செய்தி. வலது கால் செருப்பு புதரிலேயே நின்றுவிட்டது. நோட்டு எங்கே விழுந்தது என்று பஸ்ஸில் ஏறிய பிறகுதான் யோசித்தேன்.

அக்கா வீட்டுக்கு நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன். பஸ் நெரிசலில் செருப்பு போய்விட்டது என்றேன். அக்கா காப்பியை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவள் மகள் கதவோரம் நின்றாள்.

"தண்ணி போடறானா?"

"இல்ல."

"சிகரெட்டு?"

"இல்ல."

"அப்புறம் இன்னாடா மூஞ்ச அப்படி வெச்சிக்கினு கீற?"

"செய்வினை வெக்கிறான்க்கா. என் கண்ணால பாத்தேன்."

பார்த்ததை எல்லாம் சொன்னேன். கூட்டிச் சொல்லவில்லை, அதுதான் இதில் பயங்கரம். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் மகள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மாமா, நீ அவர்கிட்ட பேசினியா?"

"பேசறதுக்கு இன்னாம்மா கீது? அதான் பாத்துட்டேனே."

அவள் உள்ளே போய்விட்டாள். அன்று சாப்பிடவில்லை என்று மறுநாள் அக்கா சொன்னாள். என் படிப்புக்கும் அனுபவத்துக்கும் அந்தப் பெண் ஒருநாள் நன்றி சொல்வாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தரகருக்கு உடனே போன் போட்டு வேண்டாமென்று சொல்லும்படி அவசரப்படுத்தினேன். அக்கா அசையவில்லை.

"செவ்வாக்கெழம ஒண்ணும் சொல்லக்கூடாதுடா. புதன் அஷ்டமி, வியாழன் நவமி. வேணாம்னு சொல்றதுக்கும் நாளு பாக்கணும். வெள்ளிக்கெழம சொல்லிடறேன்."

இதுவும் ஒரு மூடநம்பிக்கை என்று குறித்துக்கொள்ளப் பார்த்தேன். நோட்டு இல்லை.

வியாழக்கிழமை காலை, நான் அக்கா வீட்டில் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, வாசலில் மூன்று பேர் வந்து நின்றார்கள். மாப்பிள்ளை, அவனுடைய அப்பா, களைக்கொத்தோடு என்னைத் துரத்திய அந்தப் பெண். அவள் பெரியாஸ்பத்திரியில் பிரஷர் மாத்திரை வாங்க வந்தவளாம். வழியில் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம் இருந்தது. பழம் என்று நினைத்து அக்கா இரண்டு கையையும் நீட்டி வாங்கினாள். பிரித்தாள். என் வலது கால் செருப்பு.

இட்லி தொண்டையில் நின்றது.

"இவரேதான்!" என்றாள் அந்தப் பெண்.

"ஒங்கள பத்தியும் ஒங்க தெருவுல விசாரிச்சோம்ங்க" என்றார் மாப்பிள்ளையின் அப்பா, மிக மரியாதையாக. "ரொம்பப் படிச்சவரு, வூட்டவுட்டு வெளியவே வரமாட்டாருன்னு சொன்னாங்க. நீங்க இன்னாடான்னா எங்க நெலத்துக்கே வந்துக்கிறீங்க. நோட்டுல ஒங்க பேரு, அட்ரசு எல்லாம் கீது. அங்க போனோம், அக்கா வூட்டுல கீறீங்கன்னு சொன்னாங்க. அதான் நேருல குடுத்துட்டுப் போலாம்னு வந்தோம்."

நோட்டு என்றதும் இட்லி இறங்கிவிட்டது. உயிர் மேலே வந்தது. கடைசிப் பக்கத்தில் நான் எழுதியதை இவர்கள் படித்திருப்பார்கள். வெள்ளிக்கிழமை நாங்கள் வேண்டாமென்று சொல்வது இருக்கட்டும், இந்த நிமிடமே அவர்கள் துண்டை உதறிக்கொண்டு போனாலும் கேட்க வாயில்லை. அக்கா மகள் கதவோரத்தில் நின்று அவர்களையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

களை எடுத்த பெண் வாசற்படிக்கு வெளியே நின்றிருந்தாள். எல்லோரும் சமம், உள்ளே வந்து உட்காருங்கள் என்று சொல்வதற்கு நான் மனத்துக்குள் ஒரு சிறு சொற்பொழிவைத் தயாரித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அக்கா மகள் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, "குந்துங்கம்மா, காப்பி சாப்புடறீங்களா?" என்று கேட்டுவிட்டாள்.

மாப்பிள்ளை நோட்டை என்னிடம் நீட்டினான். திறந்து பார்த்தேன். என் குறிப்புகளுக்குப் பக்கத்தில், வாத்தியார் விடைத்தாள் திருத்துவதுபோல, பென்சிலால் எழுதியிருந்தான். 'மந்திரத் தகடு' என்பதற்கு எதிரே 'பூச்சி ஒட்டும் அட்டை. மஞ்சள் கலருக்கு வெள்ளை ஈ வரும். விளக்கெண்ணெயில் ஒட்டிக்கொள்ளும்.' 'மாமிசம்' என்பதற்கு எதிரே 'மீனும் வெல்லமும். 21 நாள் ஊறவேண்டும். செடிக்குத் தெளிக்க. வாசனை வந்தால் ரெடி.' சிவப்புத் துணியையும் விடவில்லை. 'அம்மாவின் பழைய ஜாக்கெட்.'

"அந்த இருபத்தேழு?" என்று கேட்டாள் அக்கா மகள். அவள் அவனிடம் நேரில் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"வெள்ள ஈங்க. ஒரு அட்டையில எத்தினி ஒட்டிக்கினு கீதுன்னு எண்ணிப் பாப்பேன். போன வாரம் நாப்பத்தொண்ணு. இந்த வாரம் இருபத்தேழு. மறந்துடுவேன்னு கையில எழுதிக்குவேன்."

"மருந்தே அடிக்க மாட்டீங்களா?"

"எண்ணிக்க தாண்டுச்சின்னா அடிப்பேன். பாக்காம அடிக்கமாட்டேன்."

அவன் என்னைக் குத்தித்தான் சொன்னானா என்று இன்றுவரை தெரியாது. முகம் அப்பாவியாகத்தான் இருந்தது. அக்கா மகள் சிரித்தாள். "நானும் லேப்புல நாள் பூரா எண்ணிக்கினுதான் கீறேன். நீங்க ஈ, நான் ரத்த அணு."

நான் கடைசி முயற்சியாக, டீக்கடைக்காரர் சொன்ன சிலுவையைப் பற்றிக் கேட்டேன். பழியில் பாதியை அவர் தலையில் கட்டலாம் என்று ஒரு நப்பாசை. காப்பி குடித்துக்கொண்டிருந்த பெண் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நான் வேதக்காரி சார். எங்க கோயில்ல கீற சிலுவைக்குத் தல கீது. இதுக்குத் தலயே இல்ல, வெறும் குச்சி மேல குறுக்குக் குச்சி, பாக்கலியா நீ? குருவி குந்தறதுக்கு நான்தான் நட்டு வெச்சேன். குந்திக்கினு புழுவப் பொறுக்கும். ஏன் சார், அம்மாம் நேரம் நின்னியே, எதிர்ல இருந்த என்னிய ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?"

உண்மையைச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. "நீங்க பயப்படுவீங்கன்னு நெனச்சேன்மா."

"நானா?" அவள் அக்காவைப் பார்த்தாள், மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்தாள், பிறகு மேசைமேல் இருந்த செருப்பைப் பார்த்தாள். "அப்ப இத வுட்டுட்டு ஓடினது யாரு?"

அக்கா வீட்டில் அத்தான் போன பிறகு அப்படி ஒரு சிரிப்பைக் கேட்டதில்லை. நானும் சிரித்தேன், சிரிக்காவிட்டால் அழவேண்டியிருக்கும். சிரிப்பு அடங்கியபோது அந்தப் பெண்ணே, "நானும் ஒன்ன ஒயர் திருடன்னுதான் நெனச்சிக்கினேன், மனசுல வெச்சிக்காத சார்" என்றாள். அவளுக்காவது ஒரு மாதத்துக்கு முன்னால் ஒயர் திருடு போயிருந்தது. எனக்கு எதுவும் திருடு போயிருக்கவில்லை.

போகும்போது மாப்பிள்ளை திரும்பி வந்தான். "சார், நோட்டுல ஒரு வரி ரொம்ப நல்லா கீது சார். கோடு போட்டு வெச்சிக்கிறேன்" என்றான். அவர்கள் தெருமுனை தாண்டியதும் பிரித்துப் பார்த்தேன். 'மனிதர்கள் தாங்கள் நம்புவதைத்தான் பார்க்கிறார்கள்.' அடியில் இரண்டு கோடு.

வெள்ளிக்கிழமை, நல்ல நேரம் பார்த்து, அக்கா தரகருக்குப் போன் போட்டுச் சம்மதம் சொன்னாள். ராகுகாலம், எமகண்டம் எதுவும் பார்க்காத என் பேச்சைக் கேட்டு அவள் செவ்வாய்க்கிழமையே போன் போட்டிருந்தால் அந்தக் கல்யாணம் நடந்திருக்காது. இதை எந்த வகையில் சேர்ப்பது என்று தெரியாததால் கட்டுரை அப்படியே நிற்கிறது. இப்போது அக்கா மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் அவனோடு சேர்ந்து அட்டையில் ஈ எண்ணுகிறாள். நான் போனால் எனக்கும் ஒரு மூலையை ஒதுக்குவார்கள். என் எண்ணிக்கையை மட்டும் யாராவது ஒருமுறை சரிபார்ப்பார்கள்.

செருப்பு இரண்டையும் இன்னும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். யாரைப் பற்றியாவது, "அவன் எப்பேர்ப்பட்டவன்னு எனக்குத் தெரியும்" என்று வாய் திறக்கும்போதெல்லாம், ஒருமுறை குனிந்து, என் இரண்டு காலிலும் செருப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.