வலது கையில் ஒரு டம்ளர்

நாகல் நகரில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு எத்தனையோ பத்திரிகைகளுக்குப் படம் வரைந்தவர் அந்த அக்கா. என் வசன கவிதைகளுக்கும் அவர்தான். எழுதியதை அனுப்பிவிட்டு நான் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் படம் மேசையில் காய்ந்துகொண்டிருக்கும். மழையை எழுதினால் மழையை வரைய மாட்டார். வாசலில் நனைந்து கிடக்கும் செருப்பை வரைவார். அந்தக் கை யோசிக்காது. ஓடும். நானோ ஒரு வரியிலேயே நாள்கணக்கில் நின்றுவிடுகிறவன்.

அந்தக் கைக்காகத்தான் பல்கலைக்கழகம் அவரை ஓவியம் கற்பிக்கக் கூப்பிட்டது. வருட ஒப்பந்தம். அதே கையால்தான் வேலை போகவும் இருந்தது.

கோணல் கோட்டைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. மாணவர் தோளுக்கு மேலாகக் குனிவார். "செத்த நேரம் குடு அப்பு" என்று பென்சிலை வாங்குவார். இரண்டு இழுப்பு; படம் எழுந்து நிற்கும். பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம். ஆண்டு முடிவில் கண்காட்சி வைத்தார்கள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் சுவர் நெடுகப் பார்த்துவிட்டுத் துறைத் தலைவரிடம் கேட்டார்: "எல்லாம் ஒரே ஆள் போட்ட படமா?"

தலைவர் அக்காவைத் தனியே அழைத்தார். "இன்னொரு வருஷம் தாரேன்மா. அப்பவும் இப்படியே இருந்தா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

அன்று நான் மாடிக்குப் போனபோது, சேட்டை செய்த பிள்ளையைப் பார்ப்பதுபோலத் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கட்டிப் போட்டுருங்கக்கா" என்றேன்.

"மொதல்ல உங்க வாயக் கட்டணும் கவிஞரே. இம்புட்டுப் பேசுது."

ஆனால் அடுத்த ஆண்டு, விளிம்புவரை டீ நிரம்பிய எவர்சில்வர் டம்ளரோடுதான் வகுப்புக்குள் நுழைந்தார். தினமும். வலது கையில். குடிப்பதற்கல்ல. குனிந்தால் டீ படத்தின் மேல் கொட்டும். இடது கைக்கோ வரையத் தெரியாது. ஆகவே, கேள்வி மட்டும்தான் கேட்க முடிந்தது.

ஒருநாள் கவிதை வாசிக்க என்னைக் கூப்பிட்டிருந்தார். வாசித்துவிட்டுப் பின்வரிசையில் இருந்தேன். பாலசமுத்திரத்துப் பெண் ஒருத்தி பைக் வரைந்திருந்தாள். வண்டி முழுக்கக் கத்தரிக்காய் மூட்டைகள். ஓட்டுகிறவர்? ஒரே ஒரு காது. அக்காவின் கை தானாகப் பென்சில் பக்கம் போக, டீ விரலில் வழிந்ததைப் பார்த்தேன்.

"யாரு தாயி ஓட்டுறது?"

"எங்கப்பாங்க மேடம். சந்தைக்குப் போறாருங்க."

"முகத்தக் காணோமே?"

"வாசல்ல நின்னு பாக்கறப்ப அவ்வளவுதானுங்க தெரியும்."

அக்கா டம்ளரை நிமிர்த்திப் பிடித்தார். பிறகு, "அந்தக் காத அழிச்சிராத" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார். பல வருடமாக அவர் வரைந்ததைப் பார்த்தவன் நான். வரையாமல் நின்றதைப் போல எதுவும் என்னை உலுக்கியதில்லை.

கண்காட்சிக்கு நானும் போயிருந்தேன்; அதே தேர்வாளர் வந்தார். இந்த முறை மெல்ல நடந்தார். ஒரு படத்துக்கும் இன்னொன்றுக்கும் உறவே இல்லை. சிலது அசடு, சிலது அபாரம். மூட்டைகளுக்கு முன்னால் வெகுநேரம் நின்றவர் திரும்பினார். "இதுல உங்க பாணி எங்கம்மா?"

"வீட்ல விட்டுட்டு வந்துட்டேன் சார்."

தலைவர் சிரித்துவிட்டார். அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தை அங்கேயே மேசைமேல் விரித்துப் பேனாவை நீட்டினார்.

வாங்க வலது கை காலியில்லை; அன்றும் அதில் டம்ளர்.

"பிடிங்க கவிஞரே, சிந்திராம" என்று டம்ளரை என்னிடம் தந்தார். டீ ஆறி, ஆடை படிந்திருந்தது. அவர் கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள் குடித்துவிட்டேன்.