மூக்கை மூடினால் போதுமா?

பாதுகாப்புச் சாமான் விற்கிறவனுக்கு, சாமான் விற்காத நாளைவிடத் தப்பான சாமான் விற்றுப்போகிற நாளில்தான் வயிறு எரியும். விருத்தாசலத்தில் பீங்கான் யூனிட்டுகளுக்குக் கையுறை, முகமூடி, ஆசிட் தாங்கும் உடுப்பு விற்கிறேன். "இது உங்களுக்கு ஆகாது சார்" என்று வாடிக்கையாளரிடம் சொல்லி நீங்களும் திட்டு வாங்கியிருந்தால், நாம் ஒரே ஜாதி.

கையுறை

ஆசிட் கேன் கசிந்தால் துடைப்பவர்களுக்குக் கையுறை கேட்டு ஒரு மேனேஜர் வந்தார். முழங்கை வரை வரும் தடித்த ரப்பர் கையுறையைக் காட்டினேன். அவர் பார்வை டாக்டர்கள் போடும் மெல்லிசு உறைமேல். "ஆசிட் பட்டா இது தாங்காது சார், கை வெந்துடும்" என்றேன். அதை மாட்டிக்கொண்டு செல்போனைத் தடவிப் பார்த்தார்.

"டச்சு வேலை செய்யுது பாருங்க. உங்க ரப்பர்ல இது ஆவுமா?"

ஒரே சைசு

இன்னொரு யூனிட்டில் ரசாயனம் சிந்தினால் அள்ளும் குழுவுக்கு உடுப்பு. ஆண், பெண் எல்லாருக்கும் ஒரே பெரிய சைசு வாங்கினார்கள். சின்னதும் வேண்டும் என்று நான் கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை. ஒத்திகையில் அந்தக் குழுவிலிருந்த கருவேப்பிலங்குறிச்சி செல்வி பேன்ட் நுனியை மிதித்துக் குப்புற விழுந்தார். முகமூடியும் தாடையோரம் விரல் நுழையும் அளவு விலகியிருந்தது. அதிகாரிகள் சிரித்தார்கள். எழுந்த செல்வி சிரிக்கவில்லை.

"ஏண்ணே, கேஸு கசிஞ்சா நான் ஓடுறதா, பேன்ட்டைப் புடிக்கிறதா?"

புது மாஸ்க்கு

ஒரு தண்ணீர் கம்பெனியில் குளோரின் சிலிண்டர் கசிவதாக சூப்பர்வைசர் போன் செய்தார்; மாஸ்க் வேண்டுமாம். "யாரையும் உள்ளே விடாதீங்க, ஃபயர் சர்வீஸைக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். நான் போவதற்குள், கொரோனாவில் மிஞ்சிய துணி மாஸ்க்கைக் கொடுத்து முருகேசன் என்ற தொழிலாளியை உள்ளே அனுப்பியிருந்தார். முருகேசன் வெளியே வந்து, கண்ணில் நீர் வழிய, தரையில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். அடுத்த ஆள் மாஸ்க்கோடு தயார். வாசலில் குறுக்கே நின்றுகொண்டேன். "வியாபாரி வேலையைப் பாருய்யா" என்றார் சூப்பர்வைசர். நான் நகரவில்லை.

தீயணைப்புக்காரர்கள் முதுகில் காற்று சிலிண்டரோடு போய் வால்வை மூடினார்கள். முருகேசன் பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக் கேட்டார்:

"புது மாஸ்க்கு போட்டுக்கிட்டுதானே போனேன், அப்புறம் ஏங்க நெஞ்சு எரியுது?"

எங்கள் ஊரில் களிமண்கூட எவ்வளவு சூடு தாங்கும் என்று பார்த்துவிட்டுத்தான் சூளைக்குள் வைக்கிறார்கள். மனுஷனுக்கு மட்டும் அந்தச் சோதனை உள்ளே அனுப்பிய பிறகு.