கைதட்டல் இல்லாத கேசட்

அடுத்த பாட்டைப் பாட வாயைத் திறந்தேன். ஸ்பீக்கரில் ஓர் அரங்கமே கைதட்டத் தொடங்கியது. ஷார்ஜாவிலிருந்து ஜெபல் அலிக்குப் போகும் காலை நெரிசல். பக்கத்து வரிசையில் சோனாப்பூர் தொழிலாளர் கேம்பிலிருந்து ஆட்களை ஏற்றிவந்த கம்பெனி பஸ் ஒன்று நகராமல் நின்றது. ஜன்னலோரம் தலையில் துண்டு கட்டியிருந்த ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். காரில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தவனைப் பற்றி அவர் என்ன நினைத்தாரோ, தெரியாது. கைதட்டல் ஓய்வதாக இல்லை. யாரோ விசிலடித்தார்கள், ஒரு பெண் ஏதோ கத்தினாள், பாடகர் சிரித்துக்கொண்டே தன் ஊரைப் பற்றி என்னவோ சொன்னார். கல்லூரிக் காலத்திலிருந்து எனக்கு மனப்பாடமான ஆல்பம் அது. அதற்குள் இவ்வளவு கூட்டம் இருந்தது என்பதே அன்றுவரை எனக்குத் தெரியாது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகளில் ஒன்று. முந்தின நாள் ஷார்ஜாவில் ரோலா கடைத்தெருவில் மகளுக்குப் பள்ளிக்கூடப் பை வாங்கப் போன இடத்தில், கடை வாசலில் தள்ளுபடிக் கூடையில் கிடந்த சிடி அது. அமெரிக்கக் குழுவொன்று மேடையில் பாடிய பாட்டுகள். மாடு மேய்ப்பவர்களும் லாரி ஓட்டுகிறவர்களும் பாடுவது போன்ற மெட்டு, அதற்கு எலெக்ட்ரிக் கிடாரும் டிரம்ஸும். அதற்கு கன்ட்ரி ராக் என்று பெயர் என்பதைக்கூட இந்த அட்டையைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். எங்களிடம் இருந்த கேசட்டில் அட்டை கிடையாது. பைக்கு வைத்திருந்த காசில் சிடியையும் வாங்கிக்கொண்டு வந்து, வீட்டில் திட்டும் வாங்கினேன்.

"எங்களிடம்" என்றது என்னையும் மச்சானையும். பாளையங்கோட்டையில் கல்லூரி விடுதியில் ஒரே அறை. விடுதியில் எல்லாரும் எல்லாருக்கும் மச்சான்தான். ஆனால் இவன் விஷயத்தில் அந்த வார்த்தை பலித்துவிட்டது. படிப்பு முடிந்து சில வருஷத்தில் என் தங்கையையே கட்டிக்கொண்டான். எங்கள் காயல்பட்டின வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் வர வேண்டும். ஆக, விடுதி அறையில் என் கட்டிலில் வந்து உட்கார்ந்தவன் கடைசியில் என் வீட்டுக்கே வந்து உட்கார்ந்துவிட்டான். ஊரில் நாலு பேர் முன்னால் நான் அவனை "வாங்க மச்சான்" என்பேன். தனியாக இருந்தால் "டா"தான். அதனால் இங்கேயும் அவன் என்றே எழுதுகிறேன், தங்கை கோபித்துக்கொள்ள மாட்டாள்.

அந்த நாளில் கேசட் பதிவு செய்து தரும் கடைகள் ஊருக்கு நாலு இருந்தன. பாளையங்கோட்டையில் எங்கள் கடைக்காரரிடம் எப்படியோ இந்த ஆல்பத்தின் இசைத்தட்டு வந்து சேர்ந்திருந்தது. காலிக் கேசட் ஒன்றைக் கொடுத்தோம். மறுநாள் வாங்கப் போனபோது அவர் ரொம்பப் பெருமையாகச் சொன்னார்: "தம்பி, பாட்டுக்கு நடுவுல ஒரே கைதட்டலும் கூப்பாடுமா கெடந்துச்சு. அந்த ஆளு வேற தொணதொணன்னு பேசுதான். எல்லாத்தையும் எடுத்துட்டேன். இப்ப மொத்தப் பாட்டும் ஒரே கேசட்ல அடங்கிருச்சுல்லா!" நல்ல எண்ணத்தில் செய்த வேலை. மேடையில் பாடிய ஆல்பத்திலிருந்து மேடையையே எடுத்துவிட்டார். எங்கள் கேசட்டில் ஒரு பாட்டின் கடைசி அடி முடிகிற அதே மூச்சில் அடுத்த பாட்டு தொடங்கும். எங்களுக்கு அதுதான் அந்த ஆல்பம். பாடகர்களுக்கு மூச்சே வாங்காதா என்று வியந்துகொண்டே நாங்களும் மூச்சு வாங்காமல் பாடப் பழகினோம். பாட்டின் அர்த்தம் பாதிக்கு மேல் புரியாது. புரியாத இடங்களில் மச்சான் சொந்தமாக ஆங்கிலம் தயாரித்துப் போட்டுக்கொள்வான், நான் அதையே நம்பிப் பாடுவேன். கேசட் யாரிடமோ இரவல் போய்த் திரும்பவில்லை. பாட்டுகள் எங்கள் வாயில் தங்கிவிட்டன.

சிடி கிடைத்த சமயத்தில் நான் ஷார்ஜாவில் குடும்பத்தோடு இருந்தேன், ஜெபல் அலியில் கிடங்கு வேலை. மச்சான் ஓமானில், சோஹார் துறைமுகத்தில். அங்கே கடலோரத்தில் இரும்புத் தூண்களை அடித்து இறக்கும் பைலிங் வேலைக்கு அவன் ஃபோர்மேன். தங்கையும் இரண்டு பிள்ளைகளும் ஊரில். அந்த வாரம்தான் தங்கை எனக்கு போன் செய்து அழுதிருந்தாள். எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"காக்கா, அவங்க முந்தி மாதிரி இல்ல. முந்தியெல்லாம் போன் கார்டு தீர்ற வரைக்கும் பேசுவாங்க. இப்ப நான் பேச ஆரம்பிச்சதுமே 'சரி, சரி, அல்ஹம்துலில்லாஹ்'னு வச்சிடுறாங்க. சின்னவளுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரில சேத்திருக்கோம்னு சொன்னேன். 'அல்ஹம்துலில்லாஹ், ரொம்ப நல்லது'ன்னாங்க. புள்ள காய்ச்சல்ல கெடக்கிறது நல்லதா காக்கா?"

வேலை நெருக்கடியாக இருக்கும் என்று எதையோ சொன்னேன். அவள் கேட்கவில்லை. "அங்க வேற யாராச்சும் இருக்காங்களா? இருந்தா மறைக்காம சொல்லிடுங்க. ஒரேயடியா அழுது முடிச்சிடுறேன்" என்றாள். சேச்சே, அவன் அப்படிப்பட்டவன் இல்லை என்று சத்தம் போட்டேன். போனை வைத்த பிறகு எனக்கே சந்தேகம் தட்டியது. பெண்டாட்டி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு வருஷக்கணக்காக இருக்கிறவர்களில் மனசு வேறு பக்கம் போனவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அவனாக இருந்தாலும் என் தங்கைக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். வெள்ளிக்கிழமை தொழுகையை எல்லைக்குப் பக்கத்து ஊரான கல்பாவில் முடித்துக்கொண்டு, எல்லையில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தி, சிடியோடு சோஹாருக்குக் காரை விட்டேன்.

வருகிறேன் என்று எஸ்எம்எஸ் அனுப்பியிருந்ததால் மச்சான் கேம்ப் வாசலிலேயே நின்றிருந்தான். கட்டிப்பிடித்து, முதுகில் நாலு அடி அடித்து, ஊரையே கூட்டுகிற குரலில் "வாடா மச்சான்!" என்றான். பைலிங் ஆட்கள் எல்லாருமே சண்டைக்காரர்கள் மாதிரிதான் பேசுவார்கள் என்பதால் அது எனக்குப் புதிதாகப் படவில்லை. மலையாளி ஹோட்டல் ஒன்றில் சாப்பிட உட்கார்ந்தோம். உள்ளே ஒரே இரைச்சல். சோற்றைப் பிசைந்துகொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டேன்: "அவகிட்ட ஏன்டா சரியாப் பேச மாட்டேங்கிற?" அவன் சிரித்துக்கொண்டே, "ஆமாமா, இங்க மீன் எப்பவும் நல்லாத்தான் இருக்கும்" என்றான். மழுப்புகிறான் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாப்பிடுகிற இடத்தில் சண்டை வேண்டாம் என்று அடக்கிக்கொண்டேன். காரில் தனியாக வைத்துப் பேசலாம், அதற்கு முன்னால் பழைய பாட்டைப் போட்டு மனசை இளக்கலாம் என்பது என் திட்டம்.

கடற்கரைச் சாலைக்கு வந்ததும் சிடி அட்டையை எடுத்து அவன் மடியில் போட்டேன். அதைப் பார்த்த அந்த முகத்தை எப்படிச் சொல்ல! பல் அத்தனையும் தெரிந்தது. "எங்கடா புடிச்ச!" என்று அட்டையை முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பாட்டைத் தொடங்கினேன். ஸ்டியரிங்கில் என் விரல்கள் தாளம் போட, அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே சரியான இடத்தில் பாட ஆரம்பித்தான். அதே குரல், அதே கள்ள ஆங்கிலம். எனக்குக் கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது, நானும் சேர்ந்துகொண்டேன். இருவரும் கடைசி அடியை இழுத்து முடித்தோம்.

ஸ்பீக்கரில் அரங்கம் கைதட்டியது. மச்சான் மூச்சு வாங்காமல் அடுத்த பாட்டுக்குத் தாவினான். எங்கள் கேசட்டில் அப்படித்தானே இருக்கும்! எனக்கு நடந்ததுதான் அவனுக்கும் நடக்கிறது, இதோ கைதட்டலைக் கேட்டுத் திகைத்து நிறுத்துவான் என்று சிரிக்கத் தயாரானேன். அவன் நிறுத்தவில்லை. அங்கே விசில் சத்தம், பெண்ணின் கூச்சல், பாடகரின் பேச்சு. இங்கே இவன் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவது பாட்டின் நாலாவது அடியில் இருக்கிறான். கிண்டல் செய்கிறானோ என்று பார்த்தேன். அப்படித் தெரியவில்லை. காரை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, சத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து முழுக்க அணைத்தேன். அவன் ரசித்துத் தலையாட்டிப் பாடிக்கொண்டே இருந்தான்.

தோளைத் தொட்டேன். கண்ணைத் திறந்தான்.

"உனக்குக் காது கேக்கலையாடா?"

என் உதடுகளையே பார்த்தான். முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. "யார் சொன்னது?" என்றான்.

"நீதான். இப்பப் பாடிக் காமிச்சியே."

பிறகு எல்லாம் கொட்டியது. "டமால் டமால்னு தூண அடிக்கிற அந்தச் சுத்தியல் பக்கத்துலயே எத்தன வருஷம் நின்னேன். முகத்தப் பாத்தா யாரு என்ன சொல்றாங்கன்னு புரிஞ்சுக்குவேன் மச்சான். போன்ல முகம் இல்லையே. அவ பேசுறது வெறும் காத்து மாதிரி இருக்கு. எதையாச்சும் தப்பாச் சொல்லி மாட்டிக்குவேன்னு சீக்கிரமா வச்சிடுறது. சைட்ல தெரிஞ்சா கலாஸ், கதை முடிஞ்சுது, விசாவ கேன்சல் பண்ணி டிக்கெட்ட கையில குடுத்துடுவான். அவகிட்டச் சொன்னா உடனே கிளம்பி வந்துடுங்கம்பா." அண்மையில் பின்னோக்கி வந்த டிரெய்லரின் சத்தம் தனக்குக் கேட்கவே இல்லை என்றும், ஒரு பட்டாணியர்தான் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, "பாய், மர்னா ஹை க்யா?" என்று திட்டியதாகவும் சொன்னான். சாக வேண்டுமா என்று வேற்று ஆள் கேட்ட பிறகும் இவன் மறுநாள் அதே இடத்தில் போய் நின்றிருக்கிறான்.

சின்னவள் ஆஸ்பத்திரியில் கிடந்தது அவனுக்குத் தெரியவே தெரியாது. "எப்ப? இப்ப எப்படி இருக்கா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். நன்றாகிவிட்டாள், வீட்டில் இருக்கிறாள் என்று முகத்துக்கு நேராக இரண்டு தடவை சொன்னேன். "அவ சொன்னதுக்கு நான் என்ன சொன்னேன்?" என்று கேட்டான். சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவன் விடவில்லை, சொன்னேன். சிடி அட்டையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். விடுதியில் பரீட்சையில் தோற்றபோதுகூட அவன் அழுது நான் பார்த்ததில்லை. நானும் அழுதேன், அதில் மறைக்க என்ன இருக்கிறது.

பெருநாள் விடுமுறையில் ஷார்ஜாவுக்கு வந்து டாக்டரிடம் போகச் சம்மதித்தான். ஒரே ஒரு நிபந்தனை: தங்கையிடம் நான் சொல்லக் கூடாது. "நானே சொல்லிக்கிறேன். அவ என்ன சொல்றான்னு கேட்டுக்கிட்டே சொல்லணும்" என்றான். அன்று மாலையே ஊருக்கு போன் போட்டேன். "வேற யாரும் இல்ல. என் கண்ணால பாத்துட்டேன். பெருநாள் வரைக்கும் பொறுத்துக்க" என்றதோடு நிறுத்திக்கொண்டேன். அவள் என்னை நம்பினாளா என்று எனக்குத் தெரியவில்லை.

அவன் வேலை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அவனே இன்ஜினியரிடம் போய்ச் சொல்லிவிட்டான். பயந்ததுபோல் டிக்கெட்டைக் கையில் கொடுக்கவில்லை. சுத்தியல் பக்கம் போகவே கூடாது என்று சொல்லி, சாமான்கள் வைக்கும் யார்டுக்கு மாற்றினார்கள். ஓவர்டைம் போனது. ஆனாலும் பல வருஷம் அங்கேயே இருந்து, தானாக விருப்பப்பட்டுத்தான் ஊர் திரும்பினான். இப்போது இரண்டு காதிலும் கருவியோடு பேரப்பிள்ளைகளை அதட்டிக்கொண்டிருக்கிறான். ஆல்பத்தைக் கைபேசியிலேயே கேட்கிற காலம் வந்துவிட்டது. கைதட்டல் வருகிற இடங்களில் எனக்கு அவன் குரலும் சேர்ந்தே கேட்கிறது.

அந்த வருஷப் பெருநாள் விடுமுறையில், சொன்னபடியே அவன் ஷார்ஜாவுக்கு வந்தான். காது டாக்டர் ஒரு மலையாளி. கண்ணாடி அறையில் உட்காரவைத்துப் பரிசோதித்த பிறகு அவர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. இந்த மாதிரி இரைச்சலில் வேலை செய்கிறவர்களுக்குக் கனமான சத்தங்கள் கடைசிவரை கேட்குமாம், மெல்லிய சத்தங்கள்தான் முதலில் போகுமாம். பெண்கள் குரல், குழந்தைகள் குரல். நான் அதைத் திருப்பிச் சொல்லாமலே மச்சானுக்குப் புரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டான்.

அவன் காதுகளில் கருவியோடு வெளியே வந்தோம். பார்க்கிங்கில் நடக்கும்போது நின்று திரும்பி, "நீ இப்படித்தான் செருப்பத் தேச்சுக்கிட்டு நடப்பியாடா?" என்றான். காரில் ஏறியதும் என் கை தானாகப் பாட்டைப் போடப் போயிற்று. தடுத்தான். "அது எங்கயும் போயிடாது. அவளுக்குப் போடு."

கருவியோடு போனைக் காதில் வைத்தால் கீச்சிடுகிறது என்பதால் ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன். அவன் சலாம் சொன்னதுதான் தாமதம், தங்கை ஒரே மூச்சில் ஆரம்பித்தாள். இவன் எந்த நேரமும் வைத்துவிடுவான் என்ற பயம் அவளுக்கு. பெரியவன் தொழுகைக்குப் போய்வந்தது, சின்னவள் புதுச்சட்டையைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடிப்பது, உம்மாவின் முழங்கால் வலி, கூரையில் ஒழுக்கு என்று ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தது. மச்சான் வாயே திறக்கவில்லை. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். சொல்ல வந்ததெல்லாம் தீர்ந்துபோய் அவள் நிறுத்தினாள்.

"ஹலோ? வச்சிட்டியளா?"

"இல்ல. கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். மெதுவாவே சொல்லு."

சத்தத்தை அடக்கிக்கொண்டு தங்கை அழுவது ஸ்பீக்கரில் லேசாக எனக்குக் கேட்டது. அவனுக்கும் கேட்டது.