பவுடர் அண்ணனின் முப்பத்திரண்டு நிறங்கள்

என் அண்ணனை இந்தத் தெருவே 'பவுடர்' என்றுதான் கூப்பிடும். அவன் ஸ்டுடியோவுக்குள் யார் எந்த நிறத்தில் நுழைந்தாலும், வெளியே வருகிற படம் சுண்ணாம்பு அடித்த சுவர் போலத்தான் இருக்கும். பாஸ்போர்ட் படமா, கல்யாண ஆல்பமா, அவனுக்கு எல்லாம் ஒன்றுதான். ஆளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவான், வெளிச்சத்தைக் கூட்டுவான், நிறத்தைக் குறைப்பான். "பாருங்க சார், எப்படிப் பளிச்சுன்னு இருக்கீங்க!" என்பான். அந்த சார் படத்தை நீட்டுகிற அலுவலகத்தில், "இது உங்க தம்பியா?" என்று கேட்பார்கள்.

நிறத்தை மாற்றுவதிலும் ஐயா பெரிய கில்லாடி. ஒருவர் தன் கறுப்புச் சட்டையை நீலமாக்கச் சொன்னார். சட்டையைத் தனியாகச் சுற்றி வளைத்து மாற்ற வேண்டும். அதற்கெல்லாம் அண்ணனுக்கு ஏது பொறுமை? படத்தில் கறுப்பாக இருக்கிறதெல்லாம் நீலமாகட்டும் என்று ஒரே தட்டு. சட்டையோடு மீசையும் நீலமாகிவிட்டது. "மேட்சிங்கா இருக்குல்ல?" என்று வேறு கேட்டான். நான் அப்போது கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். தலையைக் குனிந்துகொண்டேன்.

இத்தனைக்கும் இவன் ஒன்றும் வெள்ளைக்காரன் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் அம்மா மாதிரி நல்ல கறுப்பு. எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. இவனுக்குத்தான் ஊர்ப்பட்ட குறை. கொளுத்துகிற வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான், மணிக்கட்டு வரை பொத்தான்தான். என் கல்யாண ஆல்பத்தில் என்னை வெளுத்த வெளுப்பில், மாமியார் இன்றுவரை அதைத் திறக்கும்போதெல்லாம், "பொண்ணு யாரும்மா?" என்று கிண்டல் செய்கிறார்.

அம்மா இறந்து சில மாதங்கள் கழித்து ஒருநாள் அப்பா ஸ்டுடியோவுக்கு வந்தார். எப்போதும் வாசலோடு போகிறவர், அன்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"டேய், அம்மா படம் ஒண்ணு வேணும். அவ எப்படி இருந்தாளோ அப்படியே இருக்கணும். கண்ணை மூடினா முன்ன மாதிரி முகம் வர மாட்டேங்குது. பயமா இருக்குடா."

அப்பா பயம் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

"இதென்னப்பா பெரிய விஷயம்" என்று அண்ணன் கம்ப்யூட்டரைத் திறந்தான். அம்மா கேமராவைக் கண்டாலே ஓடி ஒளிகிறவள். இருந்த கொஞ்சப் படங்களும் இவனிடம்தான். பழைய ஆல்பத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, பூசணம் பிடித்துவிட்டது என்று குப்பையில் போட்ட மகானும் இவன்தான்.

திரையில் ஒரு பெண் வந்தாள். மைதா மாவில் பிடித்துவைத்த முகம்.

"இது யாரு?" என்றார் அப்பா.

"அம்மாதான்ப்பா. கொஞ்சம் டச்சப் பண்ணியிருக்கேன்."

"பண்ணாததைக் காட்டு."

அண்ணன் தேடினான். ஒவ்வொரு படமாகத் திறந்தான். எல்லாவற்றிலும் அதே மைதா மாவு. கடைசியில் வாயைத் திறந்தான். வெளுத்த பிறகு, இடத்தை அடைக்கிறது என்று வீட்டுப் படங்களையெல்லாம் முப்பத்திரண்டு நிறமாகக் குறைத்து, அசலின் மேலேயே சேமித்துவிட்டானாம். "வீட்டுப் படத்துக்கு லட்சம் கலர் எதுக்குன்னு..." என்று இழுத்தான். குறைத்த நிறம் திரும்பி வராது. அது அவனுக்கே தெரியும். வாடிக்கையாளர் படத்துக்கெல்லாம் இரண்டு நகல் எடுத்து வைக்கிறவன், பெற்றவளுக்கு ஒன்றுகூட வைக்கவில்லை.

"அவ கலரையாவது கொண்டு வா" என்றார் அப்பா.

அண்ணன் எதையெதையோ இழுத்துப் பார்த்தான். அம்மா ஒருமுறை மஞ்சளானாள், ஒருமுறை செங்கல்லானாள். "எந்தக் கலர்னு பிடிபடலப்பா" என்றான்.

அப்பா எழுந்தார். அவன் கையைப் பிடித்துப் பொத்தானைக் கழற்றி, சட்டையை முழங்கை வரை சுருட்டி, அந்தக் கையைத் திரைக்குப் பக்கத்தில் வைத்தார். "இதுதான்டா அவ கலர். இதைப் பாத்துப் போடு."

வேறு வழியில்லாமல் பவுடர் தன் கையையே படம் பிடித்தான். பழக்கதோஷம், வெளிச்சத்தைக் கூட்டப் போனான். "கையை எடு" என்றேன். எடுத்தான். அந்த நிறத்தை அம்மா முகத்தில் ஏற்றினான். சும்மா சொல்லக்கூடாது, நிறம் அப்படியே வந்துவிட்டது. அப்பா திரைக்கு வெகு கிட்டே போய்ப் பார்த்தார்.

"கன்னத்துல மரு இருக்குமே, அது எங்க?"

குறைத்த நிறங்களோடு அதுவும் போயிருந்தது. சின்ன மரு, முப்பத்திரண்டில் அதற்கு இடம் கிடைக்கவில்லை.

"அதுக்கென்னப்பா, வரைஞ்சுட்டாப் போச்சு" என்று அண்ணன் உற்சாகமாக மவுஸைப் பிடித்தான். அம்மாவின் கன்னத்துக்குக் கொண்டுபோனான். அங்கே நிறுத்தினான். இந்தப் பக்கம் நகர்த்தினான், அந்தப் பக்கம் நகர்த்தினான். பிறகு திரும்பாமலே, மெதுவாக என்னைக் கேட்டான்.

"எந்தக் கன்னம்?"